கஷாயம் குடித்தவள் எழுதுவது

மக்களே,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் அகப்பையை வைத்துக்கொண்டே படித்தேன். படித்து முடிப்பதற்குள் குழம்பு அடிபிடித்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்த உன் அப்பா முகத்தைச் சுளித்தார். "உங்க மகள்ட்ட போய்க் கேளுங்க" என்றேன். இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். கோபத்தில் எழுத்து கோணினால் கோணட்டும். நீ கணக்கு டீச்சர், எத்தனையோ பிள்ளைகளின் கோணல் எழுத்தைப் படித்துத் திருத்துகிறவள், என்னுடையதையும் படித்துவிடுவாய்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். பாளையங்கோட்டைப் பையன் நல்லவன், படித்தவன், உனக்கும் பிடித்திருக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். இப்போது அவன் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாளாம், வீட்டுக்கு வரும் மருமகள் வேலைக்குப் போவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்று. அவனும் ஆமாம் என்கிறானாம். அதனால் அரைப்பரீட்சை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற அன்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்த வரியில், "நீ எனக்காகப் பட்டது போதும் அம்மா, இனியும் என்னால் உனக்குப் பொல்லாப்பு வேண்டாம்" என்று எழுதினாய் பார், அங்கேதான் குழம்பு கருகியது. உனக்குப் பயம் என்றால் பயம் என்று எழுது. அந்தப் பையன்மேல் ஆசை, அவன் முகம் வாடக் கூடாது என்றால் அதையும் வெட்கப்படாமல் எழுது. என்னைச் சாக்காகச் சொல்லாதே. நான் பட்டது என்னவென்று உனக்கே பாதிதான் தெரியும். மீதியை இன்றைக்கு எழுதிவிடுகிறேன், நீ படித்துவிட்டு அப்புறம் ராஜினாமா எழுது பார்க்கலாம்.

நான் ஐந்தாம் வகுப்பு பாதியில் நின்றவள். அது உனக்குத் தெரியும். ஏன் பாதியில் என்று நீ கேட்டதில்லை, நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பெரியவளானால் பள்ளிக்கூடம் நிற்கும், அவ்வளவுதான். நாஞ்சில் நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் பின்னக் கணக்கு ஆரம்பித்திருந்தார்கள். அரையும் காலும் சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாள் நான் ஓலை மறைப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். தலையில் தாழம்பூ வைத்தார்கள், சேலை கொடுத்தார்கள், உளுந்தங்களி ஊட்டினார்கள். நான் என் தோழியைக் கூப்பிட்டு, காலுக்கு அப்புறம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கூடியிருந்த பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு கல்யாணம், திருவனந்தபுரம், சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் உன் அப்பா, கிழக்கேகோட்டைப் பக்கத்துக் குறுகின முடுக்கில் இந்த வீடு, பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் உன் அத்தை.

உன் அத்தையைப் பற்றி நான் கெட்டது சொல்லப் போவதில்லை. ஆத்திர அவசரத்துக்கு முதலில் ஓடி வருகிறவள் அவள்தான். ஆனால் தன் மகனுக்கு நீதான் என்று நீ தொட்டிலில் கிடக்கும்போதே முடிவு செய்தவள். நீ எப்போது பெரியவளாவாய் என்று உன்னைவிட அவள்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். "இவளுக்குப் படிப்பு எதுக்கு? எம் மவன் பலசரக்குக் கடையில புளி நிறுத்துக் குடுக்க இங்கிலீஸா வேணும்?" என்பாள். உன் அப்பா சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

வெள்ளைக்காரன் போன அந்த வருஷம், ஓணம் கழிந்த சமயம். நீ கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து பாவாடையை அலசிக்கொண்டிருந்தாய். தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நம் முறைப்படி தாய் முதலில் கூப்பிட வேண்டியது அப்பாவின் கூடப்பிறந்தவளை. அவள் வந்து நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டு, முதல் தண்ணீரை ஊற்ற வேண்டும். நான் எதையும் யோசிக்கவில்லை. வாய் பழகின வழியில் போயிற்று. "மதினீ!" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். அப்போது நீ என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாய்.

"அம்மா, சொல்லாத. எனக்கு அடுத்த வாரம் அல்ஜீப்ராப் பரீட்ச இருக்கு. அத்தைக்குத் தெரிஞ்சா என்ன உள்ள இருத்திருவா."

நீ உயிர் பிழைக்கக் கெஞ்சுகிற மாதிரி கெஞ்சினாய், அதுவும் ஒரு கணக்குப் பரீட்சைக்காக. காலுக்கு அப்புறம் என்ன என்று ஓலை மறைப்புக்குள்ளிருந்து கேட்ட பெண் எனக்கு ஞாபகத்துக்கு வந்தாள். சுவருக்கு மேலே அத்தையின் தலை தெரிந்தது.

"என்னட்டி, கூப்பிட்டியா?"

"ஆமா மதினி. ஒரு பிடி உப்பு இருந்தா தாருங்க. இங்க தீந்து போச்சு."

அதுதான் ஆரம்பம். வீட்டில் ஒரு பரணி நிறைய உப்பு இருந்தது. அத்தை கொடுத்த உப்பை நான் கிணற்றடியிலேயே கொட்டினேன்.

அன்றைக்குப் பரீட்சை மட்டும் முடியட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் துணி இருக்கிறதே. கொடியில் காயும் துணியைப் பார்த்தே ஒரு வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுவாள் உன் அத்தை. அதனால் நான் போய்க் கொல்லைப்புறத்துச் சாய்ப்பில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்குத் தூரமானவள் உட்காரும் இடம் அது. எனக்கு முறை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "மறுபடியுமா?" என்று உன் அப்பா கேட்டார். "ஆமா" என்றேன். உன் துணி என் துணியானது. அடுத்த மாதமும் அப்படியே செய்தேன். உனக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை என்று மாதம் இருமுறை நான் சாய்ப்புக்குப் போனேன். நீ சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய்.

உன் அப்பா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான். மிளகைத் தட்டச் சொன்னால் முழுசாகப் போடுவார். அவர் கடைக்குப் போன பிறகு மற்றதை நீ சமைத்தாய். தூரமான பெண் அடுக்களையில் நின்று அவியல் வைத்தாள், சாமி விளக்கு ஏற்றினாள். தூரமாகாத நான் வெளியே பாயில் உட்கார்ந்து இலையில் வாங்கிச் சாப்பிட்டேன். முதல் தடவை ஏதாவது நடக்கும், பாம்பு வரும், கூரை எரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அத்தை மட்டும் சுவரோரம் வந்து அவியலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு நல்ல கைமணம். எம் மவன் குடுத்து வெச்சவன்" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அதோடு பயமும் போயிற்று.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. மாதம் இருமுறை என்றால் அது வியாதி என்று அத்தை கண்டுபிடித்துவிட்டாள். வைத்தியரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உண்மை தெரிந்துவிடும் என்றே நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து, "இது பெரும்பாடாக்கும். நாடியே சொல்லுது. ரொம்ப முத்திப் போச்சு" என்றார். அன்றிலிருந்து நாடி பார்க்கிறவர்கள் மேல் எனக்கு இருந்த மரியாதை குறைந்துவிட்டது. அசோகப்பட்டையும் வேறு எதெதுவோ வேரும் போட்டுக் கஷாயம். காலையிலும் சாயங்காலமும். புளி கூடாது, மோர் கூடாது, பகலில் தூங்கக் கூடாது. அத்தை எதிரே நின்று குடிக்கவைப்பாள். நாக்கு மரத்துப்போகும். வியாதியில்லாத உடம்புக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரிடமும் கேட்க முடியாது. தலை சுற்றியது, தோல் வறண்டது, தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் காலடியில் உட்கார்ந்து அன்றைய கணக்கைச் சொல்வாய். எக்ஸ் என்றால் தெரியாத எண், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பாய். எனக்கு ஒன்றும் விளங்காது. விளங்காமலே கேட்டுக்கொண்டிருப்பேன், வாயிலுள்ள கசப்பு கொஞ்சம் மறக்கும்.

இப்படி ஒன்றரை வருஷம். நீ நினைத்துக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? ஏதோ தண்ணீரைக் குடித்துவிட்டுக் கஷாயம் என்று நான் சமாளித்தேன் என்று. அப்படித்தான் உன்னிடம் சொன்னேன். பொய் சொன்னேன். அத்தனையையும் குடித்தேன்.

பிறகு உன் தம்பி வயிற்றில் வந்தான். எனக்கு வாந்தி கண்டதும் அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வைத்தியர் வெற்றிலை பாக்கோடு வந்து, தன் மருந்துதான் கருப்பையைச் சுத்தம் செய்தது என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் உன் தம்பியைத் தெருவில் பார்த்தால், "இது நம்ம மருந்துக்குப் பிறந்த பிள்ளை" என்பார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நீயும் நானும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கர்ப்பிணி எப்படிச் சாய்ப்பில் போய் உட்காருவாள்? உன் நாள் வந்துகொண்டிருந்தது.

இதுதான் உனக்குத் தெரியாத மீதி. அந்த நாள் வந்தால், கரு கலைந்துவிட்டது என்று சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வாயால் அப்படிச் சொல்வது எத்தனை பெரிய பாவம் என்று தெரியும். சொன்னால் அந்த வைத்தியர் என்ன மருந்து கொடுப்பார், அதைக் குடித்தால் பிள்ளை என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்தும் தீர்மானித்திருந்தேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, அது தைரியமா பைத்தியமா என்று எனக்கே தெரியாது. நான் அதைச் சொல்லாமல் போனதற்கு நீதான் காரணம்.

அன்று காலை நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டி எடுத்தாய். ஜியோமிதிப் புத்தகத்தை எடுத்தாய். நட்டநடுப் பகல் வெளிச்சத்தில் கொல்லையைக் கடந்து போய், சாய்ப்பின் கதவை விரியத் திறந்துவைத்து உட்கார்ந்தாய். எனக்குக் கஞ்சி கொண்டுவந்த அத்தை உன்னைப் பார்த்துவிட்டாள்.

"நீ என்னத்துக்குட்டி அங்க இருக்க?"

"எனக்குத் தூரம் அத்தே."

அத்தைக்குக் கை கால் ஓடவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள், கையைத் தட்டினாள், தலையைப் பின்னால் சாய்த்து ஒரு குரவை போட்டாள் பார், முடுக்கே எட்டிப் பார்த்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். வந்தவர்களும் சேர்ந்து குரவை போட்டார்கள். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் நல்லபடியாக, முறைப்படி முடிந்திருக்கும். தாழம்பூ வந்திருக்கும், அடுத்த முகூர்த்தத்தில் தாலியும் வந்திருக்கும். ஒன்றரை வருஷப் பொய்யும் யாருக்கும் தெரியாமல் புதைந்திருக்கும். எனக்கு ஒரு கெட்ட பெயரும் வந்திராது. நீ புத்தகத்தில் விரலை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாய்.

"இது மொத தடவ இல்ல அத்தே. ஒண்ணர வருசமாச்சு."

குரவை பாதியில் நின்றது. பதினைந்து வயதுகூட நிறையாத பெண், அத்தனை பேர் எதிரில். அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அவியலைப் பற்றித்தான். "அப்போ எனக்குச் சாப்பிடத் தந்தது?" என்றாள். "தூரத்தோடதான் வெச்சேன். நல்லாருக்குன்னு சொன்னீங்களே" என்றாய். அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். தீட்டுக் கையால் விளக்கேற்றியவள், தீட்டுச் சோறு போட்டவள், இப்படிப்பட்டவளைத் தன் வீட்டு அடுக்களையில் ஏற்றமாட்டேன் என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டாள். அவள் வாயாலேயே சொன்னாள், சாட்சிக்கு ஊரே இருந்தது. நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, ஆனால் வருத்தத்தால் அல்ல. நான் பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நீ உண்மையைச் சொல்லி என்னையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டாய்.

உன் அப்பா சாயங்காலம் வந்தார். அத்தை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் துவர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இவள் வீட்டோடு இருக்கட்டும் என்றார். அவருக்கு எதிரே நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசினேன். "ஒண்ணர வருசம் நான் குடிச்ச கஷாயம் சும்மா போவக் கூடாது. அவ பள்ளிக்கூடம் போவா. உங்களுக்குச் சம்மதமில்லன்னா அந்தக் கஷாயத்த இனி நீங்க குடிங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "என்னமும் செய்யி. என்ட்ட கேக்காண்டாம்" என்றார். நான் அதன் பிறகு கேட்கவில்லை. ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது, நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் ஜெயித்தால் பள்ளிக்கூடத்தில் இன்னொருத்தி காத்திருந்தாள். உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் துரைசானி. நாட்டில் கொடி மாறியும் அவள் நாற்காலியில்தான் இருந்தாள். உன் பெயர் வாயில் நுழையவில்லை என்று உன்னை லில்லி என்று கூப்பிட்டவள். தமிழ் பேசினால் வெயிலில் நிறுத்துவாள். ரெசிடெண்ட் துரையின் மனைவிக்கு மேஜை விரிப்பு பின்னவைத்து உங்கள் விரலையெல்லாம் ஊசியால் புண்ணாக்கியவள். ரகளையில் நீ சில நாள் போகாமல் இருந்ததற்குள் உன்னை அல்ஜீப்ரா வகுப்பிலிருந்து எடுத்துத் தையல் வகுப்பில் போட்டுவிட்டாள். நீ அழுதுகொண்டு வந்தாய். நான் மறுநாள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உன்னோடு வந்தேன். ஒரு மலையாளத்து டீச்சர் இடையில் நின்று மொழிபெயர்த்தாள்.

"அம்மா, மேடம் சொல்றது, உங்க கூட்டத்துல பெண்குட்டிகளுக்கு வேகம் கல்யாணம் ஆகுமல்லோ. தையல் படிச்சா வீட்டுக்கு உபகாரம். அல்ஜீப்ரா எதுக்கு?"

"கல்யாணம் முடங்கிப் போச்சுன்னு சொல்லுங்க. நாங்களே முடக்கிட்டோம்னு சொல்லுங்க."

துரைசானி என் வயிற்றைப் பார்த்து ஏதோ சொன்னாள். அந்த டீச்சர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். என்னவாயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் அங்கேயே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கர்ப்பிணியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ள எந்த ராஜ்யத்திலும் வழியில்லை. மத்தியான மணி அடிப்பதற்குள் நீ அல்ஜீப்ரா வகுப்பில் இருந்தாய். உன் அத்தையும் அந்தத் துரைசானியும் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் உன் விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். இப்போது பாளையங்கோட்டையிலிருந்து மூன்றாவதாக ஒருத்தி அதையே சொல்கிறாள். முதல் இரண்டு பேரிடமும் தலை குனியாத நீ இவளிடம் ஏன் குனிகிறாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பொல்லாப்பு வரும் என்கிறாய். வந்த பொல்லாப்பெல்லாம் வந்து தீர்ந்துவிட்டது, மக்களே. இந்த முடுக்கில் எனக்குப் பட்டப்பெயரே கஷாயக்காரி. முதலில் கேலியாகச் சொன்னார்கள். இப்போது தங்கள் பெண்களைப் பெரியவளான பிறகும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள், வீட்டில் சண்டை வந்தால் கஷாயக்காரியைக் கேள் என்கிறார்கள். அத்தைகூட தன் மூத்த மகள் வயிற்றுப் பேத்தியை அனுப்புகிறாள். போன வாரம் சுவரோரம் வந்து, "அவளுக்கு ஜியோமிதி வரமாட்டேங்கு. உன் மவ லீவுக்கு வந்தா கொஞ்சம் சொல்லித் தரச் சொல்லு" என்றாள். நீ வேலையை விட்டுவிட்டு வந்தால் நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல?

மாப்பிள்ளைக்கு நீயே எழுது. உன் அப்பா எழுதமாட்டார், அவர் இன்னும் கல்யாணமா வேலையா என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார். வேலையை விடமாட்டேன், உங்களுக்கு என்னைப் பிடிக்கும் என்றால் இப்படியே பிடிக்கட்டும் என்று எழுது. வீட்டில் சமையல் யார் செய்வது என்று கேட்டால், என் அப்பாவே ஒன்றரை வருஷம் ரசம் வைத்தார், செத்துப்போகவில்லை என்று சொல். அவன் சம்மதித்தால் தையில் பந்தல் போடுவோம், நானே முதல் குரவை போடுவேன். சம்மதிக்கவில்லை என்றால் உனக்கு வலிக்கும். வலிக்காது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வலிக்கட்டும். ஒரு கல்யாணம் முடங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

ஐப்பசியில் எல்லையை மாற்றி, நீ வேலை பார்க்கும் நாகர்கோவிலை மதராஸோடு சேர்த்துவிட்டார்கள். நீ ஒரு ராஜ்யத்திலும் நான் ஒரு ராஜ்யத்திலும் இருக்கிறோம். ஆனாலும் தம்பானூரில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்று உன் அப்பா சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உன்னை மட்டும்தான் பார்க்க முடியும். திங்கட்கிழமை வருகிறேன். நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வருவேன். நீ பாடம் நடத்திக்கொண்டிருந்தால் என்னைப் பார்த்து வெளியே ஓடி வராதே, மணி அடிக்கும்வரை நான் வராந்தாவில் நிற்பேன். சின்ன வகுப்பு ஏதாவது இருந்தால் அன்றைக்குப் பின்னக் கணக்கு எடு. காலுக்கு அப்புறம் என்ன என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா